டேங்க் மூடி

மொதல்ல உங்கம்மாவ வார பஸ்ஸுல ஏத்தி அனுப்பும் தம்பி. பெறவு வண்டியப் பாக்கலாம்.

ஏன், கார் வச்சிருக்கவன் வீட்டுப் பொம்பள பஸ்ஸுல போனா கொறச்சலா? பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்னு நீருதான சொன்னீரு. மூச்சு எளப்புள்ள மனுசிய வாய்க்கால் பாலத்துத் திண்டுல வெயில்ல உக்கார வச்சிட்டு, பத்து நிமிசத்துல எடுத்துரலாமா மெக்கானிக்குன்னு என்னட்ட கேக்கீரு. அந்தப் பத்து நிமிசம்ங்க வார்த்தைய நான் யாருக்கும் சொல்லுததே கெடயாது.

சரி, பஸ் வார வரைக்கும் பாக்கேன். கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லும். சட்டுனு அணைஞ்சுதா, இருமி இருமி நின்னுதா?

இருமித்தான் நின்னுதா. அப்பம் பெல்ட்டு அறுந்து போவல. அறுந்தா ஒரே அடியா நின்னுரும். சாவி போட்டா சுத்துதுல்லா? அப்பம் பேட்டரியும் நல்லாருக்கு. டீசல்தான் போவல. இதுக்கு முன்னயும் நின்னுருக்குமே, கொஞ்ச நேரம் கெடந்துட்டு தானா எடுத்துருக்குமே. கல்லிடக்குறிச்சிலயா? நெனச்சேன்.

பானெட்ட மூடும். பில்டரத் தொடாதயும். எல்லாவனும் மொதல்ல அங்கனதான் கைய வைப்பான்.

பின்னால வாரும். டேங்க் மூடி எங்க? தொலைஞ்சிட்டு. பாலித்தீன் கவரச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கீரு. டீசல் வாட அம்மாவுக்கு ஆவாதோ. ம். அத பையப் பைய அவுரும். உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துது, கேட்டீரா? அம்புட்டுதான் வே சீக்கு. டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து போவணும். மூடில அதுக்குன்னு குண்டூசி தண்டிக்கு ஒரு ஓட்ட வச்சிருப்பான். நீரு பூராத்தயும் அடச்சிட்டீரு. இனி டீசல் போற லைன்ல ஏறுன காத்த எடுக்கணும். எம்புட்டு நேரமாவும்னு மட்டும் கேக்காதயும்.

இஞ்சினத் தொட்டுக்கூடப் பாக்காமயே சொல்லிட்டேன்னு ஆச்சரியப்படாதயும். நம்ம கெட்டிக்காரத்தனம் ஊரறிஞ்சது.

விக்கிரமசிங்கபுரத்துல மில்லு பக்கம் பட்டற போட்டிருந்தேன். ஜெபசீலன் கைய வச்சா செத்த இஞ்சினும் எந்திரிக்கும்பானுவ. எம் பொண்டாட்டி ஜெபராணிக்கு நம்ம வண்டில ஏறுனா டீசல் வாடையில கொமட்டும். மூடி ஒடஞ்சு கெடந்துது. புதுசு வாங்கிப் போடுங்கன்னு ஒரு மாசமா சொன்னா. எனக்கு எங்க நேரம், ஊரு வண்டிய பாக்கவே சரியா இருந்துது. கவரப் போட்டு, சைக்கிள் டியூப வார் வாரா அறுத்து இறுக்கிக் கட்டினேன். உம்மத மாதிரி லொடக்குக் கட்டு இல்ல வே. பொட்டுக் காத்து போவாது. வேலையச் சுத்தமா செய்யுதவன்லா நானு.

மறு வாரம் அவளுக்கு நெஞ்சு வலி. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டு வாரேன், வழில வண்டி இருமி நின்னுட்டு. பில்டரக் கழட்டினேன், மாட்டினேன். பம்ப அடிச்சேன். கையெல்லாம் டீசல். பஸ் வருது, போயிருவோமேன்னா. சும்மா இருட்டி, பத்து நிமிசம்னேன். மெக்கானிக் பொண்டாட்டி நடுரோட்டுல பஸ்ஸுக்கு நின்னான்னா நாளைக்கு எவன் வண்டிய கொண்டாந்து விடுவான், நீரே சொல்லும். மூணு பஸ் போச்சு. மூணுக்கும் அவ கைய தூக்கினா, நான் புடிச்சுக் கீழ எறக்கினேன்.

கடசில மேலப்பாளையத்து லோடு வேன்காரன் ஒருத்தன் நிறுத்தி, டீசல் இருக்கா அண்ணாச்சின்னு கேட்டுக்கிட்டே கவர அவுத்தான். உஸ்ஸுன்னுது. லைன்ல காத்த எடுத்துட்டு சாவியத் திருப்பினேன், எடுத்துட்டு. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாவ. வேன்காரனுக்குத் தெரிஞ்சிட்டு பாத்தீரா. எனக்கு வந்த சந்தோசத்துல, ஏட்டி எடுத்துட்டு, வா வா, ஏறுன்னு கூப்புடுதேன். அவ எந்திரிக்கல.

அதுக்குப் பெறவு அங்கன தொழில் பாக்க மனசில்ல. பட்டறைய இங்கன கொண்டாந்துட்டேன்.

இந்தா, பஸ் வருது. கைய காட்டும் தம்பி, நல்லா காட்டும். உங்கம்மாவ எழுப்பிக் கூட்டிட்டு வாரும். அவியள அந்தத் திண்டுல இருத்தாதயும். ஜெபராணி இருந்த எடம் அது.