கப்புல வண்டு இல்ல

இந்தப் பையில இருக்கறது டீ குடிக்கிற கப்பு இல்ல சார், வண்டு புடிக்கிற கப்பு. சிரிக்காதீங்க. அந்த மதிலுக்கு அந்தாண்ட பச்சையா தெரியுது பாருங்க, கோல்ஃப் மைதானம், அங்கதான் எனக்கு வேலை. வேலைன்னா, இருந்துச்சு. ஆம்பூர் ஷூ மொதலாளி ஒருத்தர், ஷூ வாங்க வெளிநாட்டு பையருங்க வந்தா வெளையாடட்டும்னு போட்டது. புல்லுன்னா அப்டி ஒரு புல்லு. படுத்தா எழுந்திருக்க மனசு வராது.

அந்தப் புல்லுக்கு எமன் ஒரு வண்டு. அரிசி பருமன்தான். அது முட்டை வெச்சு, புழு வெளிய வந்து வேரைத் தின்னுட்டா, புல்லு பாய் மாதிரி சுருட்டிக்கினு வந்துடும். அதனால தரையோட மட்டமா கப்பைப் புதைச்சு, கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்தி வெப்போம். ராத்திரி நடமாடுற வண்டு உள்ள வுழுந்துடும். காலைல நான் எண்ணி மேனேஜர்கிட்ட சொல்லணும். கம்மியா இருந்தா வுட்டுடுவாங்க. ஜாஸ்தின்னா மருந்து அடிப்பாங்க.

ஒரு தடவை இத்தாலிக்காரன் அடிச்ச பந்து கரெக்டா என் கப்புல வுழுந்துட்டுது சார். ஒரே அடில குழில போட்டுட்டேன்னு ஆடறான், கத்தறான், என்னைத் தூக்கி முத்தம் குடுக்கிறான். யோவ், இது வண்டு கப்புய்யான்னு எந்த பாஷைல சொல்றது? உள்ள கெடந்த வண்டை ராசின்னு சட்டைப் பையில போட்டுக்கினு பிளைட் ஏறிட்டான். அது இப்போ அங்க பேரன் பேத்தி எடுத்திருக்கும். செத்த வண்டா, உசுரோட இருந்ததான்னெல்லாம் கேக்காதீங்க.

நம்பலையா? ஊர்லயும் எனக்கு அந்தப் பேருதான். முனிரத்தினம் வாயைத் தொறந்தா மழையே நனைஞ்சுடும்பாங்க. ஆனா வண்டு எண்ணிக்கைல ஒண்ணு ஏத்தினதில்ல, எறக்கினதில்ல. நான் இன்னா கதை வுட்டாலும், புல்லு செத்துப் போய் காட்டிக் குடுத்துடும்ல.

போன மாசம் பூரா கப்பு காலி. வண்டு இல்லைங்கன்னு சொல்லிட்டு வர்றேன், அந்தாண்ட புல்லு மஞ்சளாயிக்கினே போவுது. மேனேஜர் என்னை மொறைக்கிறாரு. பேஜாரா பூட்ச்சு. சரின்னு ஒரு நாள் விடியறதுக்குள்ள போய் பம்பு ரூம் பின்னாடி குந்திக்கினேன். வந்து கப்பைக் கவுத்து வண்டைக் கொட்டிட்டு, பழையபடி சோப்புத் தண்ணி ஊத்தி வெச்சுட்டுப் போறது யாருன்றீங்க?

இருதயராஜ். என் தோஸ்து சார். தோல் பதனிடற ஷாப்புல ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டப்பாவுல சோறு. அவனுக்கு ஸ்ப்ரே செக்‌ஷன். தோலுக்குச் சாயம் அடிச்சு அடிச்சு நெஞ்சு போய்ட்டுது. இந்த வேலைக்கு அவனைக் கூட்டியாந்ததே நான்தான். இங்கயும் அவன் முதுகுல ஏறினது மருந்து டேங்க். வண்டு ஜாஸ்தின்னு நான் சொன்னா, அடிக்க வேண்டியது அவன். அதான் கவுத்திருக்கான்.

அதுக்கெல்லாம் கோவம் இல்ல சார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஊருக்கெல்லாம் சும்மாவே பொய் குடுக்கிறவன், அவன் கேட்டா ஒண்ணு குடுக்க மாட்டேனா? கண்ணுல படாம வந்துட்டேன்.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சு, எங்கய்யா வண்டுன்னாரு. நான் சொன்னேன், கீரிங்க சார். பாலாத்துலருந்து குடும்பமா வருதுங்க. கப்பைச் சாய்ச்சு, வரிசைல குந்தி சாப்ட்டுட்டு, மீசையைத் தொடைச்சிக்கினு போவுதுங்கன்னேன். அவசரத்துல வந்த பொய்தான், ஆனா நல்ல பொய். மேனேஜரே பாதி நம்பிட்டாரு. இருதயராஜ் பக்கம் திரும்பி, ஏம்பா, நீதான் காலைல சுத்தறவன், கீரி பாத்தியான்னாரு.

தலையாட்டினா போதும் சார். வாயைக் கூட தொறக்க வேணாம்.

தரையைப் பாத்துக்கினு சொல்றான், எனக்குத் தெரியாது சார், இந்தாளு எப்பவும் புளுகறவருதான், கப்புகிட்ட போறாரோ இல்லையோன்னு. இந்தாளாம்! எத்தினி வருசமா முனி, முனின்னு கூப்ட்ட வாயி. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

அங்கயே என்னை அனுப்பிட்டாங்க. கப்பையும் எடுத்துக்கினு போன்னுட்டாங்க. வீட்ல வெச்சா என் பொஞ்சாதி அதுல காப்பி ஊத்திடுவா, அதான் பையோடவே தூக்கினு திரியறேன். இனிமே எண்ணவே வேணாமாம். வண்டு இருக்குதோ இல்லையோ, வாராவாரம் மைதானம் பூரா மருந்து அடிச்சுடணுமாம்.

அதோ, வேலூர் பஸ் வருது, நீங்க ஏறுங்க. நானா? நான் பஸ்ஸுக்கு ஒக்காரல சார். இன்னிக்கு மருந்து அடிக்கிற நாளு. மதிலுக்கு அந்தாண்ட இருமறது கேக்குதா? அவன்தான். டேங்கை எறக்கி வெச்சுட்டு இருமேன்டா மடையா.