மழை பேஞ்சா லீவு

மரியராஜ்: அவ்ளோ தூரம் பறந்து போனவ, வர்றதுக்கு முன்னாலயே மழையை அனுப்பி வச்சுட்டியே! ஒரு வாரமா இதே ரோதனைதான். வேலையே ஓடல.

ஏமி: எல்லாம் என்னாலதான், போங்க! கார் ஜன்னல ஏத்துங்கப்பா, நனையுறேன்.

மரியராஜ்: அது ஏறாது, காடிக்கு வயசாயிருச்சு. நீ ஆஸ்திரேலியா கதையைச் சொல்லு. கரங்கான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா, உங்கம்மா என்னைப் பேசவே விட மாட்டா.

ஏமி: என்னான்னு சொல்றது... வானம் ரொம்பப் பெருசுப்பா. இங்க எங்க பார்த்தாலும் மரம் மறைச்சுரும். அங்க அப்படியே தரை வரைக்கும் எறங்கி வருது. மொதல் நாள் பயந்தே போயிட்டேன்.

மரியராஜ்: வானத்தைப் பார்த்தா?

ஏமி: சிரிக்காதீங்க லா! ஒளிஞ்சுக்க எடமே இல்லாத மாதிரி... அப்புறம் பழகிருச்சு. ரூம்ல ஒரு கொரியாக்காரி, ஒரு பிரான்ஸ்காரி. மெகி கறி நூடுல்ஸ் போட்டுக் குடுத்தேன், ரெண்டு பேருக்கும் கண்ணு மூக்கெல்லாம் தண்ணி. மறுநாளும் தட்டோட வந்து நிக்குறாளுங்க!

மரியராஜ்: காப்பிக் கடை வேலை எப்படி, சுகமா?

ஏமி: ம்ம்... சுகம்தான். இருட்டோட எழுந்துருவோம்.

மரியராஜ்: இருட்டுலயா காப்பி குடிக்கிறான் வெள்ளைக்காரன்?

ஏமி: மெஷின்... மெஷின் சூடாகணும்ப்பா.

மரியராஜ்: ஓ... மெஷின்.

ஏமி: மழை பேஞ்சா லீவு. நல்லா தூங்குவோம். ஒரு மழை நாள்ல எல்லாரும் கடலைப் பார்க்கப் போனோமா...

மரியராஜ்: இரு, இரு. காப்பிக் கடைக்கு மழைன்னா என்னம்மா? மழையிலதானே காப்பி நல்லா ஓடும்?

ஏமி: ரோட்டைப் பாருங்கப்பா, முன்னால லோரி!

மரியராஜ்: லோரியை நான் பார்த்துக்கிறேன். நீ கையக் காட்டு.

ஏமி: எதுக்கு?

மரியராஜ்: காட்டு லா... இது காப்பி ஊத்துன கையா? வெரல் ஓரமெல்லாம் கருப்பு ஏறிக் கெடக்கு. ரப்பர் பால் வெட்டுன காலத்துல உங்கம்மா கை இப்படித்தான் இருந்துச்சு.

ஏமி: ...கிரேப்ஸ் தோட்டம்ப்பா.

மரியராஜ்: என்னாது?

ஏமி: காப்பிக் கடைல வேலை கெடைக்கல. தோட்டத்துலதான் ஆள் எடுத்தாங்க. நான் காலேஜ் போன அன்னைக்கு, பால்வெட்டுற கத்தியை ஆத்துல வீசிட்டு, "இனிமே நம்ம வீட்டுல யாரும் தோட்ட வேலைக்குப் போகக் கூடாது"ன்னு அழுதீங்களே... அதான், உங்ககிட்ட சொல்ல வாயே வரல. அப்பா? திட்டிருங்கப்பா. சும்மா இருக்காதீங்க, பயமா இருக்கு.

மரியராஜ்: அங்க கொடியெல்லாம் ஆளுக்கு ஒரு நிரையா, இல்ல எல்லாரும் கலந்தா?

ஏமி: ஆங்? ஆளுக்கு ஒரு நிரைதான்! மொதல் நாள் கூத்தைக் கேளுங்க. எல்லாரும் விறுவிறுன்னு வேலையில எறங்கிட்டாங்க. நான் மட்டும் கொட்டகை முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்குறேன்.

மரியராஜ்: எதுக்கு?

ஏமி: பெரட்டுக்கு! சின்னதுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவீங்களே, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி பேர் கூப்பிட்டாதானே வேலைக்குக் கெளம்புவீங்க? அங்கயும் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். முதலாளி வந்து, "ஒடம்பு சரியில்லையா"ன்னு கேக்குறான்!

மரியராஜ்: ஐயோ... வயிறு வலிக்குது... வெள்ளைக்காரன் தோட்டத்துல பெரட்டுக்கு நின்னாளாம்!

ஏமி: கோவம் இல்லையா?

மரியராஜ்: இருக்கு. சிரிச்சு முடிச்சுட்டுக் கோவப்படுறேன்.

ஏமி: அடுத்த சீசனுக்கும் கூப்பிட்டுருக்காங்க. வேலை முடிஞ்சு, நிரைக் கடைசில நின்னு திரும்பிப் பார்ப்பேன் பாருங்க... அவ்ளோ சந்தோஷமா இருக்கும்ப்பா. தப்பா?

மரியராஜ்: தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது...

ஏமி: ஏன், உங்க வாய்க்கு என்ன? இருங்க இருங்க... கூலிம் ஃபேக்டரில செக்யூரிட்டி கார்டு வேலை, ஏர்கான் ரூம்னுதானே போன்ல சொன்னீங்க?

மரியராஜ்: ஆமா, அதுக்கென்ன?

ஏமி: கார்டு வேலைக்கு மழைன்னா என்னப்பா? ஒரு வாரமா வேலையே ஓடலன்னீங்களே. பின் சீட்டுல தலைல கட்டுற லைட் வேற கெடக்கு. பக்கத்துல பால்வெட்டுற புதுக் கத்தி.

மரியராஜ்: ...மழை விட்டுருச்சு பாரு. நாளைக்கும் இருட்டோட எழுந்துருவேல்ல? நான் வேலை செய்ற ஹாஜியோட ரப்பர் மரத்துல ரெண்டு பேருக்கும் நிரை இருக்கு. உங்கம்மா கேட்டா, காப்பிக் கடைக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்.