பியானோவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு

...இன்னாத்த சொல்றது போ! கேக்குதா? இதுவாம்மா பியானோ? கெணத்துல வுழுந்தவன் அடியிலேர்ந்து கத்தற மாதிரி இல்ல? நீ பொண்ணு ஊட்டுக்காரங்களா? வாலாஜாபாத்தா? நல்லது, உக்காரு, உக்காரு. நான் மாப்பிள்ளைக்கு அத்தை, வடிவாம்பாள். மேடையில முதுக காட்டிக்கினு வாசிக்குது பாரு, அது என் பொண்ணு கீர்த்தி.

ஏன் முதுக காட்டுதுன்றியா? அத ஏன் கேக்கற!

ஊட்ல வாசிச்சா எப்பிடி இருக்கும் தெரியுமா? ஹெட்போன என் காதுல மாட்டி வுடும். நான் தறியில உக்காந்துக்கினே கேப்பேன். ஒவ்வொரு கட்டையும் ஜரிக இழ மாதிரி தனித்தனியா மின்னும். இங்க பாரு, எல்லாம் ஒரே கூழு!

அந்த சவுண்ட் சர்வீஸ் சாமுவேலு இருக்கானே... "அக்கா, லெஃப்ட்டு ரைட்டுனு ரெண்டு வயரு, மிக்ஸர்ல சொருவிட்டா தேனா வரும்"னான். மத்தியானம் டெஸ்டு பண்ணப்போ தேனாத்தான் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரிசப்ஷன் ஆரம்பிச்சதும் தொண்ட கட்டிக்கிச்சு! வயர மாத்துனான். பியானோக்கு எதிரவே ஒரு மைக்க வச்சான். ஊஊய்ய்யின்னு ஒரு ஊள! மேளக்காரரு பந்திக்கி ஓடியே போயிட்டாரு.

அப்புறம் எங்க பெரிய அண்ணன் திருஞானசம்பந்தம் வந்தாரு. "பியானோ தெக்க பாத்துக்கினு இருக்குது, கெழக்க திருப்பு"ன்னாரு. நாலு பேரு, பாதி பாட்டுல, பியானோவ அப்பிடியே தூக்கித் திருப்புறாங்க! கீர்த்தி ஸ்டூல நவுத்திக்கினே வாசிக்குது, பாவம். அப்பவும் சரியாவல. ஒரு எலுமிச்சம்பழத்த சுத்தி மிக்ஸர் மேல வச்சாரு. இன்னும் அங்கதான் இருக்குது.

நானே போயி சொல்லிட்டேன், "சாமுவேலு, இருக்கற எல்லாத்தையும் உச்சிக்கி ஏத்துப்பா"ன்னு. "வேணாங்க்கா"ன்னான். நான் வுடுவனா? ஏத்த வச்சிட்டுத்தான் வந்தேன்.

சிரிக்காதம்மா. முன்னாடி வெள்ளச் சட்டையில தலைய புடிச்சிக்கினு ஒருத்தரு இருக்காரே, அவருதான் எங்க ஊட்டுக்காரு, குமரகுரு. கீர்த்திய பி.காம் சேருன்றாரு. இது மியூசிக் காலேஜுன்னு ஒத்தக் கால்ல நிக்குது. "சபையில வாசி, கேட்டுட்டு சொல்றேன்"னு இருக்காரு. ஐயோ, எழுந்துட்டாரு பாரு! பந்திக்கி கெளம்பிட்டாரு. முடிஞ்சுது போ!

இன்னாது? ஸ்பீக்கரு மேலயா? அதுவா! நல்லா இருக்குதா? ரெண்டு பக்கமும் கருப்பா எரும மாடு நிக்கற மாதிரி நின்னுக்கினு இருந்துச்சு. போட்டோவுல அசிங்கமா வுழாது? டெஸ்டு முடிஞ்சதும் நாந்தான் ரெண்டு பட்டுப்பொடவய எடுத்து, மடிப்பு மடிப்பா போத்தி, சுத்தி ஊசி குத்தி வுட்டேன். எங்க தறியில நெய்ஞ்சது. நல்ல கனம். அதுக்குள்ள காத்து கூட பூராது...

ஏம்மா அப்பிடி பாக்கற?

ஏ... ஏ கீர்த்தி! பாதியில எங்கடி எழுந்து போற? ஐயோ, கெழக்க திருப்புனதுல ஸ்பீக்கரு அவ கண்ணுக்கு நேரா இருக்குது! தொடாதடி! ஊசி இருக்குது, இழுக்காத! கோர்வ பார்டருடி, கிழிஞ்சிடும்... உருவிட்டா. அந்தாண்டதையும் உருவிட்டா! சுருட்டி ஸ்டூலு மேல போட்டு அது மேலயே உக்காந்துட்டா பாரு, கொழுப்ப!

அம்மாடியோவ்!!

காது! என் காது! சாமுவேலு, கொறப்பா! யாருப்பா உன்ன அவ்ளோ ஏத்தச் சொன்னது? கொழந்திங்க எல்லாம் கத்துது, கொறப்பா!

...ஆங். அப்பிடி.

இதான்... இதாம்மா நான் சொன்னது. ஊட்ல கேப்பனே, அதேதான். ஒவ்வொரு கட்டையும் கேக்குதா? சின்ன கட்டை கூட... ஏய், அவரப் பாரு! வாசப்படி வரிக்கும் போன மனுஷன் திரும்பிட்டாரு. நிக்கறாரு. ஒரு நாற்காலிய இழுத்து, பொண்ணு மூஞ்சி தெரியற மாதிரி கெழக்கால போயி உக்காந்துட்டாரு! பந்தி வேணாமாம்! பாத்தியாம்மா?

ஏம்மா? எங்க போயிட்டா இவ? இங்கதான உக்காந்துக்கினு இருந்தா?

வாங்க தம்பி, உக்காருங்க, இந்த சேரு காலிதான். இப்பதான் வர்றீங்களா? பியானோ வாசிக்கறது என் பொண்ணுதான். சவுண்டு எப்பிடி கணீர்னு இருக்குது பாத்தீங்களா? சாமுவேலுக்கு ஒண்ணும் தெரியலப்பா. கூடவே நின்னு எல்லாத்தையும் நாந்தான் செட்டு பண்ணிக் குடுத்தேன்...