நடந்து வந்த வண்டு

"இந்த வண்டுக்குப் பறக்கத் தெரியா. இதின்ட வம்சம் இந்தியாவில இருந்து நடந்துதான் வந்தது."

மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் தங்கையிடம் இப்படிச் சொன்னார். அவர் பூச்சிகளை ஆராய்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. கையிலிருந்த போத்தலுக்குள் கறுப்பு வண்டொன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"நடுவில கடல் கிடக்கே, அக்கா."

"பனியுகக் காலம் உலகத்துத் தண்ணி நிறையப் பனியா உறைஞ்சு கிடந்தது. கடல் வத்தி, இடையில தரை இருந்தது. பிறகு பனி உருகிக் கடல் ஏற, அங்கத்தைய வண்டும் இஞ்சத்தைய வண்டும் பிரிஞ்சு போச்சு. ரெண்டின்ட மரபணுவிலயும் அந்தப் பிரிவு இப்பவும் தெரியுது."

தங்கை போத்தலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சண்டைக்காலத்தில மன்னாரால இந்தியாவுக்குப் போன அண்ணன்ட வள்ளம் கவிழ்ந்ததும் அந்த இடத்திலதானே?"

"ஓம்."

"அப்ப அவர் கிடக்கிறது தரையில."

"முந்தி காடா இருந்த தரை, புள்ள."

"திரும்பவும் பனி வருமா?"

"வரும். நாம இருக்கமாட்டம்."

"கடல் வத்துமா?"

"வத்தும்."

"உடம்பும் கிடைக்கல்லதானே. செத்தவங்கட பூசையில அவர்ர பேரை வாசிக்க வேணாம்கா."

அக்கா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார்.

"ஃபாதர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில அண்ணன்ட பேர் வேணாம். இல்ல, தள்ளிப்போடல்ல. அவர் நடந்து வரக்கூடும்."