மருமகன் கேட்ட மெசின்

— நாய்ப்பீ தம்பி, நாய்ப்பீ! கூலிக்குப் புல்லு வெட்ட வந்தவன் அந்த நூல் சுத்துற மெசினப் போட்டு அடிச்சானே, சுவர், கொடியில காய்ஞ்ச உடுப்பு, அவன்ட மூஞ்சி, வாய், எல்லாம் நாய்ப்பீ. மகள்ர வீட்டுக் கேற்றுக்குள்ள கால் வெச்ச எனக்கு ஓங்காளம் வந்து அப்பிடியே கிறுகித் திரும்பி வந்திட்டன். இண்டைக்கும் சோறு இறங்குதில்ல.

— இஞ்ச பாருங்க நல்லரத்தினண்ணன், நானும் இப்பதான் புட்டுத் திண்டுட்டு வந்து கடையத் தொறந்த. போதும். என்ன மெசின் வேணும், அதச் செல்லுங்க.

— பெற்றோல் மெசின். சில்லு வெச்சது, தள்ளிக்கொண்டு போறது.

— பெட்றி மெசின் காட்டுங்க றம்ஸீன் நானா.

— பெற்றோல் எண்டு செல்லித்தானே உன்னக் கூட்டிக்கொண்டு வந்தனான் யசோ?

— நீங்க செல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தீங்க. நான் ஓமெண்டு செல்லல்ல அப்பா.

— மெசின் ஆருக்கு? அண்ணனுக்கா, தங்கச்சிக்கா?

— மருமகனுக்கு! ஹோட்டல்ல வேலை செய்யிறாரெல்லே, அங்க வெள்ளைக்காரன் படுத்துக் கிடக்கிற புல்லப் பாத்துட்டு வந்து, தேற்றாத்தீவு வளவுக்குள்ள புல்லுப் பதிச்சிருக்கார். மகளுக்குச் சீதனமாக் குடுத்த வளவு தம்பி அது. வெள்ளை மணல். காலமைக்கு ஒருக்காக் கூட்டினாப் போதும், மணல்ல சோறு போட்டுத் திங்கலாம். இப்ப போய்ப் பாருங்க. புழு, தேரை, ஊர் நாயெல்லாம் வெளிக்குப் போறது அதுக்குள்ளதான். அரியண்டம்! வெல்லாவெளி வயல் வட்டைக்குள்ள புல்லுப் புடுங்கிப் புடுங்கியே முதுகு வளைஞ்சவன் நான். எனக்கு வந்த மருமகன் வாசல்ல புல்லு வளக்கிறார்.

— இப்ப எல்லாருக்கும் அந்த ஆசை வந்திட்டு அண்ணன். எத்தின பேர்ச் புல்லு?

— ரெண்டு பேர்ச்சும் வராது, வாசலளவுதான்.

— அப்ப பெட்றி போதும். நான் பொய் செல்லி வித்துப்போட்டு மறுமையில பதில் செல்ல ஏலா. இந்தா, இதுதான். அரை மணித்தியாலம் ஓடும். ஒங்கட புல்லு கால் மணித்தியாலத்தில முடிஞ்சிரும். மறுகா பெட்றியக் கழட்டிச் சார்ஜில போட்டா வேல முடிஞ்சி. பெரிய சத்தமில்ல, புகையில்ல. பெற்றோல் எண்டா ஒயில் மாத்தணும், ப்ளக் கழுவணும். ரெண்டு மாசம் ஓட்டாம வெச்சாப் பெற்றோல் பழசாகி உள்ளுக்க பிசினாட்டம் அடைச்சிக்கும்.

— பெட்றி செத்துப்போனா?

— அது உண்மதான். நாலஞ்சி வருசத்தில பெட்றி எறங்கும், புதுசு நல்ல வில. பெற்றோல் மெசின எந்தக் கராஜிலயும் குடுத்துத் திருத்தலாம். பெரிய வளவு, முழங்காலளவு புல்லு, நனைஞ்ச புல்லு எண்டா நானே பெற்றோல்தான் எடுக்கச் செல்லுவன்.

— கேட்டியா மகள்? மாரிக்குப் புல்லு நனையும். கரண்டும் போகும். அப்ப என்ன செய்யிற?

— மாரியில கரண்டு போன நேரம் ஆரும் புல்லு வெட்டுறல்ல அப்பா.

— வாய்! வாய் மட்டும் கொம்மாட வாய். தம்பி, நான் வழியில வரக்கொள்ளயும் செல்லிக்கொண்டு வாறன், மருமகன் காலமையே போன் எடுத்தவர். “மாமா, பெற்றோல்தான். பெட்றி சின்னப்புள்ளைகள்ர விளையாட்டுச் சாமான். அதோட பெற்றோல் ஊத்தி வெக்கப் பெரிய கான் ஒண்டும் எடுங்க, அஞ்சு லீற்றர்” எண்டார். இவள் என்னடா எண்டா குறுக்க நிக்கிறாள்.

— ரெண்டு பேர்ச் புல்லுக்கு அஞ்சு லீற்றர் கானா? ஒருக்கா வெட்ட ஒரு கோப்பைப் பெற்றோல் போதும் அண்ணன். வீட்டுக்குள்ள அவ்வளவு வெக்கவும் கூடா. ஒரு போத்தல் காணும், தாராளம்.

— ஒரு போத்தல் காணாதாம் நானா.

— ஆர் செல்ற தங்கச்சி?

— அவர்தான்.

— அவருக்குத் தெரியாதா? அவர் ஹோட்டல்ல எத்தின மெசின் கண்டவர். நீ போய் அந்தக் கதிரையில இரு மகள். வாங்கிக் குடுக்கிறது நான், பாவிக்கிறது அவர். உனக்கு இதுக்குள்ள என்ன வேல?

— பாவிக்கிறது அவரா? பதிச்ச நாளையிலிருந்து அந்தப் புல்லுக்குள்ள அவர் ஒரு குப்பை எடுத்ததக் கண்டீங்களா? நாய்ப்பீ அள்ளுறதும் நான், தண்ணி விடுறதும் நான். செத்த எலியச் சிரட்டையில எடுத்து எறிஞ்சதும் நான். கயித்த இழுத்து இழுத்து அந்த மெசின ஸ்ரார்ட் பண்ண எனக்கு ஏலா அப்பா.

— ஒரு கயிறு இழுக்க ஏலாதாம். கொம்மா உன்ன வயித்தில வெச்சுக்கொண்டு நெல்லு மூட்டை தூக்கினவள்.

— சத்தமும் கூட.

— ஞாயித்துக்கிழமையில வெட்டு, ஆரும் ஒண்டும் செல்ல மாட்டாங்க. வேற?

— மணம். அந்த மணம் எனக்குச் சரிவராது.

— பெற்றோல் மணம் ஆருக்குத்தான் சரிவரும்? எனக்கும் வயித்தக் குமட்டும். அதுக்காக நான் பைக் ஓட்டாம இரிக்கிறனா?

— அண்ணன், நான் நடுவில கதைக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. தங்கச்சி செல்றது ஞாயந்தான். அவதானே தள்ளப்போறா. பெட்றியக் குடுங்க. மருமகன் கேட்டா என்ட பேரச் செல்லுங்க, றம்ஸீன்தான் இது நல்லம் எண்டு தந்தான் எண்டு. ஏசுறதா இருந்தா எனக்கு ஏசட்டும்.

— உங்களுக்கு விளங்காது தம்பி. மருமகன் வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான். மாத்தி வாங்கிக்கொண்டு போனா முகத்த நீட்டுவார். மறுகா மாதக்கணக்கா எங்கட வீட்டுப் பக்கம் வர மாட்டார், இவளையும் விட மாட்டார். அங்க எங்கட மனிசி அழுதுகொண்டு கிடப்பாள். எனக்கேன் இந்தச் சோலி? பெற்றோல் மெசினக் கட்டுங்க. கானையும் எடுங்க.

— கட்டாதீங்க நானா.

— கட்டுங்க தம்பி.

— அப்பா, நான் செல்லிட்டன். அந்த மெசினும் கானும் பைக்கில ஏறினா நான் ஏற மாட்டன். பஸ்ஸிலயும் போக மாட்டன். இந்தக் கடை வாசல்லயே இருந்திருவன்.

— என்னகா கதை இது? றோட்டால போற சனம் பாக்குது. மானத்த வாங்காத.

— மானம்தான் அப்பா உங்களுக்கு. போன வருசம் ரெண்டு தரம் பேக்கோட வந்தனான். என்னெண்டு கேட்டீங்களா? அம்மாட கையால சோத்தத் தின்ன வெச்சு, திரும்ப பைக்கில ஏத்திக்கொண்டு போய் விட்டீங்க.

— தம்பிக்கு முன்னால என்னத்தையெல்லாம் கதைக்கிறாள் பார். குடும்பமெண்டா ஒள்ளுப்பம் அப்பிடி இப்பிடித்தான். கொம்மாவும் நானும் பிடிக்காத சண்டையா? நீங்க கட்டுற வேலையப் பாருங்க தம்பி.

— இரிங்க. தங்கச்சி, ஏன் ஒரு மாதிரி ஆகிட்டீங்க? முகமெல்லாம் வேர்த்திரிக்கி.

— ஓங்காளிச்சுச் சத்தி வருது நானா.

— சீ, தம்பிட கடைக்குள்ள எடுக்காத! வாசலுக்குப் போ. தம்பி, ஒரு போத்தல் தண்ணி குடுங்க. என்ன மகள்? ஏதும் நல்ல செய்தியா? கொம்மா நேந்து நேந்து அலுத்துப் போயிட்டாள். அப்பிடியெண்டா செல்லு, இந்த மெசினும் வேணா, புல்லும் வேணா, உன்ன வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போறன்.

— அப்பிடி ஒண்டுமில்ல அப்பா. பெற்றோல் மணம். அவ்வளவுதான்.

— பாத்தீங்களா தம்பி? உங்கட மெசின்தான் நாறுது. எனக்கும் வந்த நேரமிருந்து மூக்கில அடிக்குது. மூடியத் திறந்து வெச்சிருக்கீங்களா? மூடுங்க அத, அரியண்டம்.

— எந்த மெசின் அண்ணன்? இதெல்லாம் புதுசு. பெட்டியில வந்தபடி. ஒரு சொட்டுப் பெற்றோல் உள்ளுக்க இல்ல. கடைக்குள்ள பெற்றோல் ஊத்தி வெக்க நமக்கென்ன விசரா?

— அப்ப என்ட பைக்தான் ஒழுகுது. வழி நெடுகவும் இதே மணம்தான். நான் நிப்பாட்டி நிப்பாட்டிக் குனிஞ்சு பாத்தன், ஒண்டும் காணல்ல.

— ஒங்கட பைக் றோட்டுக்கு அங்கால நிக்கிது அண்ணன். காத்தும் அங்காலதான் போகுது.

— அப்ப எங்கயிருந்து வருது இந்த நாத்தம்? பொறு. யசோ, இஞ்சால வா.

— விடுங்க அப்பா.

— வா எண்டுறன். குனி. சீ! உன்ட தலையில என்ன இது?

— எண்ணெய்.

— எண்ணெய் இப்பிடி மணக்கிறல்ல.

— மூண்டு தரம் முழுகிட்டன். சீயக்காயும் போட்டன், தேசிக்காயும் போட்டன். போகுதில்ல.

— என்னத்த ஊத்தினாய் தலையில? பேனுக்கு ஊத்தினாயா? ஆராவது பெற்றோல் ஊத்துவாங்களா பேனுக்கு? மடைச்சி!

— நான் ஊத்தல்ல அப்பா.

— பின்ன?

— அண்ணன், பொறுங்க. தங்கச்சிய இரிக்க விடுங்க. இந்தாங்க தங்கச்சி, தண்ணியக் குடிங்க. நான் வேணுமெண்டா உள்ளுக்குப் போறன்.

— நீங்க நில்லுங்க நானா. நீங்க போனா அப்பா என்னத் திரும்பவும் கொண்டுபோய் விட்டிருவார். நேத்துப் பின்னேரம் அவர்ர சேட்டில புல்லுக் கறை போகல்ல எண்டு தொடங்கினவர். மறுகா பைக்குக்குக் கிட்டப் போய்க் குழாய் போட்டுப் பெற்றோல் எடுத்தார். பைக்கில நிண்டது ஒரு போத்தல்தான். என்ட தலையில ஊத்தினார், தோளோட சரி, கீழ நனையல்ல. தீப்பெட்டிய மடியில வெச்சிட்டுக் கதிரையில இருந்து என்னப் பாத்துச் சிரிச்சவர். நான் புல்லுக்குள்ள, அந்த ஊத்தைக்குள்ள முழங்கால்ல இருந்தன். கன நேரம். மறுகா கொட்டாவி விட்டுட்டு, “ஒரு போத்தல் காணாது, அடுத்த முறை வீட்டில கான் இருக்கும்” எண்டு செல்லிட்டுப் போய்ப் படுத்திட்டார். காலமை எழும்பித் தேத்தண்ணி கேட்டார். குடிச்சிட்டுத்தான் உங்களுக்குப் போன் எடுத்தவர்.

— அல்லாஹ்வே.

— எனக்கா எடுத்தவர்? அந்தப் போனா?

— ஓம் அப்பா. நான் பக்கத்தில நிண்டுதான் கேட்டன். “மாமா, மாமா” எண்டு எவ்வளவு மரியாதையாக் கதைச்சார்.

— தூ!

— அண்ணன், கதிரையில இரிங்க.

— நான் ஓமெண்டனே தம்பி. “அஞ்சு லீற்றர் காணுமா மருமகன், பத்து லீற்றர் கானும் இருக்கும்” எண்டனே என்ட இந்த வாயால. சீ, சீ! நாய்ப்பீயக் கண்டு ஓங்காளிச்சனாம் நான். எனக்குள்ளதான் அவ்வளவு ஊத்தையும் கிடந்திருக்கு. ஏன் மகள் காலமையே செல்லல்ல? பைக்கில ஏறக்கொள்ளயாவது செல்லியிருக்கலாமே.

— போன ரெண்டு தரமும் செல்லத்தானே வந்தனான்.

— இஞ்ச பாருங்க அண்ணன், அழுறதுக்கு இது நேரமில்ல. முதல்ல பொலிசுக்குப் போங்க, நானும் வாறன். தலைய இனிக் கழுவ வேணா தங்கச்சி, அப்பிடியே போங்க. நேத்து உடுத்த உடுப்பிரிக்கா?

— கிணத்தடி வாளிக்குள்ள கிடக்கு. தோய்க்கத் தொட ஏலாமப் போட்டுட்டன்.

— நல்லம். தொடாம அப்பிடியே இரிக்கட்டும். இந்த மெசின் ரெண்டையும் நான் உள்ளுக்குத் தள்ளுறன். கானையும் எடுத்துப்போடுறன்.

— மகள், அந்த வீடு உன்ட பேர்லதானே கிடக்கு?

— என்ட பேர்லதான் அப்பா. நீங்கதானே எழுதித் தந்தீங்க. எங்கட சனத்தில புள்ளைக்கு வீடு குடுக்கிறதே புள்ள தெருவில நிக்காம இருக்கத்தான் எண்டு எல்லாருக்கும் செல்லிக்கொண்டு திரிஞ்சீங்க.

— ஓம். திரிஞ்சன். றம்ஸீன் தம்பி, பூட்டு வெச்சிருக்கீங்கதானே? கேற்றுக்குப் போடுற மாதிரி, நல்ல கனமானது.

— அவர் பின்னேரம் வேல முடிஞ்சு வருவார் அப்பா. கேற்றுக்கு உதைப்பார், கத்துவார். அயலெல்லாம் கூடும்.

— கூடட்டும். அவன்ட உடுப்பையெல்லாம் பையில கட்டி றோட்டில வெச்சிட்டுத்தான் பூட்டுறது. கொம்மாவும் நானும் உன்னோட வந்து இருப்பம். நாளைக்கு விடிய அந்தப் புல்லு முழுக்க மண்வெட்டியால கொத்தி எறியிறன்.

— இந்தாங்க அண்ணன், இதுதான் இரிக்கிறதுக்குள்ள பெரிசு. துருப்புடிக்காது. காசு இப்ப வேணா, எடுத்திட்டுப் போங்க. பூட்டோட மூணு திறப்பு வரும். ரெண்ட தங்கச்சிக்கிட்டக் குடுத்திட்டு ஒண்ட நீங்க வெச்சிக்கங்க.

— எனக்கு வேணா தம்பி. மூண்டையும் புள்ளட கையிலேயே குடுங்க. அவன் வந்து “மாமா” எண்டு காலப் புடிச்சா, நான் திறந்து விட்டிருவன்.