தெருத்தெருவாகச் சொன்ன சாவு

அனுமந்தையில் பஸ் ஏறிய உப்பளக் கூலியாட்கள் இரண்டு பேர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். வெளியே உப்புக் குவியல்கள் தார்ப்பாய்க்குள் கிடந்தன. பெரியவர் திடீரென்று சொன்னார்:

"நான் செத்தா உங்க தெருவுல மட்டும் மைக்ல சொல்லாதன்னு மவன்கிட்ட சொல்லிட்டேம்பா."

"ஏண்ணே இப்டி பேசுற? ஆட்டோ விட்டு தெருத்தெருவா சொல்றது வழக்கம்தான?"

"என் வீட்டுக்காரி செத்தப்பவும் சொன்னோம். உங்க தெருவுக்கும்தான் ஆட்டோ வந்துச்சு. இருவது வருசமா உங்களோட ஒரே பாத்தியில உப்பு வாரினவ. ஒருத்தர்கூட காலனிக்குள்ள கால் வைக்கல."

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குக் காதுல விழலண்ணே. ரெக்கார்டு பண்ணிப் போட்டிருப்பானுங்க. ஆட்டோக்காரன் நிக்காம போயிருப்பான்."

"ரெக்கார்டு இல்லப்பா. மவன் அம்மா பேரச் சொன்னதும் அழுதுட்டான். அப்புறம் நான்தான் ஏறி உக்காந்து மைக்கப் புடிச்சேன். உன் வாசல்ல நிறுத்தச் சொல்லி ரெண்டு தரம் சொன்னேன். நீ முழுசா கேட்டுட்டுத்தான் கதவச் சாத்துன."