பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவள்

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"அழுவாத புள்ளையை உட்டுட்டு வாரதுதானுங்க கஷ்டம்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். அன்றுதான் மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தாள்.

பக்கத்திலிருந்தவள் தன் மகனை அடுத்த மாதம் சேர்க்க இருந்தாள். "சேக்கறதுக்கு முன்னால என்னங்க பழக்கோணும்?"

"தானாச் சோறு திங்கோணும், ஒண்ணுக்கு வந்தாச் சொல்லோணும். எல்லாம் பழக்கிட்டேனுங்க. டீச்சர் கையைப் புடிச்சுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா."

"நல்லதுதானுங்களே. ஊட்டுல ஆரு இருக்கறாங்க?"

"அவரு லாரியில பம்பாய் போயிருக்கறாருங்க. வேற ஆருமில்லை."

"மல்லசமுத்திரத்துல சொந்தமுங்களா?"

"இல்லீங்க. புள்ளையைப் பன்னண்டு மணிக்குத்தான் உடுவாங்க. அதுவரைக்கும் அந்த ஊட்டுல தனியா உக்கார முடியலீங்க. எறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிருவேன்."